சருகை எரிக்காதீங்க, படிப்பகத்துக்குக் கொண்டுவாங்க!

பகுதிவாழ் மக்களுக்கான மாசி மாதத் தோட்டப் பயிற்சி, தென்சென்னையில் உள்ள நம் படிப்பகத்தின் வாசலில் ஞாயிறு காலை தொடங்கியது. அதில் நம் சுற்றுச்சூழல் அணியின் பகுதிப் பொறுப்பாளரும், ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியையுமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம் இது. நேரில் வர இயலாத தோழர்கள் முழுமையாகப் படிக்கவும், தங்கள் பகுதி மக்களிடம் கொண்டு சேர்க்கவும் கேட்டுக்கொள்கிறோம்.



தோழர்களே, தாய்மார்களே, பெரியவர்களே, அரைத் தூக்கத்தில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிற பிள்ளைகளே! ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குக் கறிக்கடை வரிசையில்தான் கூட்டம் இருக்கும். அதை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கீங்க. நன்றி. சீக்கிரம் முடித்துவிடுகிறேன் என்று நான் சொன்னால் நம்பாதீங்க. 28 வருஷம் வகுப்பில் நின்று பேசினவள். மணி அடிச்சாத்தான் நிறுத்திப் பழக்கம்.

இன்றைக்குக் காலையில் வரும்போது பாத்தீங்களா, வண்டி சீட்டெல்லாம் பனியில் நனைஞ்சிருக்கு. பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். இந்தக் காலத்துக்கு நம்ம முன்னோர்கள் பேர் வைத்திருக்காங்க, பின்பனி. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. மாலையில் விழுகிற பனி முன்பனி, விடியலில் விழுகிற பனி பின்பனி என்றும் சொல்வாங்க. ஆறு பெரும்பொழுதில் இதுவும் ஒன்று. பாலைத் திணைக்கு வேனிலோடு இந்தப் பின்பனியையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறது தொல்காப்பியம். அதாவது குளிர் போகவும் இல்லை, வறட்சி வந்து நிற்கவும் இல்லை, ரெண்டுக்கும் நடுவில் ஒரு வாசல் மாதிரி. இந்த வாசலில்தான் நாம விதை போடணும்.

ஏன் இப்போ? இன்றைக்குப் போடுகிற வெண்டை விதை நாலஞ்சு நாளில் முளைக்கும். சுமார் 45 நாளில் முதல் காய். அப்போ பங்குனி முடிகிற சமயம். சித்திரையில் கத்திரி வெயில் வரும்போது அந்தச் செடிக்கு வேர் நல்லா இறங்கியிருக்கும், வாடினாலும் மாலையில் நிமிர்ந்துக்கும். அதே விதையைச் சித்திரையில் போட்டால், முளைத்த குருத்து மொட்டை மாடிச் சூட்டில் அன்றைக்கே கருகும். நான் கருக்கியிருக்கேன். பணி ஓய்வு பெற்ற முதல் வருஷம், ஏப்ரல் மாசம் முடிந்துதான் நேரம் கிடைத்தது என்று மே மாதத்தில் முப்பது பையில் விதைத்தேன். எண்ணி ரெண்டு செடி பிழைச்சது. தாவரவியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவள்! அடுத்த வருஷம் அதைவிட மோசம், மாசியில் காலிபிளவர் நாற்று வாங்கி வைத்தேன். அது குளிருக்கான பயிர். பூவே கட்டல, இலை மட்டும் யானைக் காது மாதிரி வந்தது. எங்க வீட்டுக்காரர் இன்றைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

அதனால மாசிக்கு என்ன என்பதைக் கேட்டுக்குங்க. வெண்டை, கொத்தவரை, கத்தரி, மிளகாய். கொடியில் பீர்க்கு, சுரை, புடலை, பாகல், வெள்ளரி, பூசணி. கீரை எப்பவும் போடலாம். சிறுகீரையும் தண்டுக்கீரையும் 25 நாளில் கறிக்கு வந்துடும், முதல்முறை செய்கிறவங்க அதிலிருந்து தொடங்குங்க. கீரை விதை கடுகைவிடச் சின்னது, கையால் தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். ஒரு பிடி மணலோடு கலந்து தூவுங்க. வெண்டை விதையை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் நடுங்க. கோஸ், கேரட், காலிபிளவர் வேண்டாம், அதெல்லாம் ஐப்பசிக்கு அப்புறம் பேசலாம்.

மாடிக்குச் சுமை என்று பயப்படுகிறவங்க சரியான கேள்விதான் கேக்கறீங்க. ஈர மண் ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட 1.8 டன் வரும். அதனால வெறும் மண்ணைக் கொட்டாதீங்க. ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு மக்கிய உரம். நார்க்கழிவில் உப்பு இருக்கும், ரெண்டு தடவை அலசிட்டுப் போடுங்க. பைகளை மாடிக்கு நடுவில் குவிக்காமல், கீழே சுவரும் உத்திரமும் ஓடுகிற பக்கமாக ஓரத்தில் வரிசையாக வையுங்க. பழைய கட்டடம், ஏற்கெனவே கசிவு இருக்கிற கட்டடம் என்றால் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுட்டு வையுங்க. ஆர்.ஓ. இயந்திரத்தில் கழியும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீங்க, அதில் உப்பு அதிகம். அரிசி கழுவிய தண்ணீர் நல்லது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருக்கிறவங்க வாரத்துக்கு ஒருமுறையாவது கவிழ்த்துக் காய விடணும். டெங்கு பரப்புகிற கொசு முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும் ஒரு வாரம் பத்து நாள் போதும். நாம கீரை வளர்க்கிறோம் என்று சொல்லிப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வளர்த்துவிடக் கூடாது.

இதெல்லாம் எங்கேயும் கிடைக்கிற தகவல்தான். நான் இன்றைக்குப் பேச வந்தது ரெண்டு விஷயம். ஒன்று குப்பை என்று நாம நினைக்கிற ஒரு பொருள். இன்னொன்று எனக்கே கொஞ்சம் வெட்கமான ஒரு கதை.

முதலில் பொருள். நம்ம தெருவில் என்னென்ன மரம் இருக்கு? வேம்பு இருக்கு, பூவரசு இருக்கு, வாதாங்கொட்டை மரம் இருக்கு, கோயில்கிட்ட அரசமரம், விளையாட்டுத் திடலில் தூங்குமூஞ்சி மரம். இந்த மாசி, பங்குனியில் இதெல்லாம் இலை உதிர்க்கும். காலையில் பெருக்கினால் மாலையில் தெரு மறுபடி மஞ்சளாகக் கிடக்கும். அந்தச் சருகை என்ன செய்றோம்? ஓரமாகக் கூட்டித் தீ வைக்கிறோம். விடிகாலை அஞ்சரை ஆறு மணிக்கு. பின்பனிக் காலத்து விடியலில் தரையோடு குளிர்ந்த காற்று தேங்கி நிற்கும், மேலே ஏறாது. அதனால அந்தப் புகையும் மேலே போகாது. ஜன்னல் உயரத்திலேயே மிதந்துகிட்டு இருக்கும். அந்த நேரத்தில்தான் சுகர்காரங்க நடைப்பயிற்சிக்கு வர்றாங்க. அந்த நேரத்தில்தான் வீசிங் இருக்கிற பிள்ளை மூச்சுக்குத் தவிக்குது. உடல்நலத்துக்காக நடக்க வந்து, ஒரு சுற்றுக்கு இவ்வளவு புகை என்று உள்ளே இழுத்துட்டுப் போறோம்.

சட்டம் இருக்கா என்றால் இருக்கு. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே குப்பையைத் தெருவில் எரிக்கக் கூடாது என்று சொன்னது. தோட்டக் கழிவைத் தனியாக வைக்கணும் என்றும் சொன்னது. அதே வருஷம் டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் குப்பை எரிப்புக்கு 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதம் சொன்னது. ஆனா தோழர்களே, அபராதத்தைக் காட்டி மிரட்டுவதற்கு நான் வரல. தீ வைக்கிறது யார்? பெரும்பாலும் துப்புரவுப் பணியாளரோ, குடியிருப்பின் காவலாளியோதான். அவங்க ஏன் வைக்கிறாங்க? 'எட்டு மணிக்குள்ள சுத்தமாக இருக்கணும்' என்று நாம சொல்றோம். அவங்களுக்கு ஒரு கூடை, ஒரு துடைப்பம். அத்தனை சருகையும் எடுத்துட்டுப் போக வண்டி இல்லை. அப்போ தீப்பெட்டிதான் அவங்க வண்டி. அபராதம் போட்டால் முதலில் மாட்டுவது அவங்கதான், உத்தரவு போட்ட நாம இல்ல.

எரிக்காமல் லாரியில் அள்ளிப் போட்டால் எங்கே போகும்? பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்கும்தான் நம்ம சென்னையின் குப்பை இத்தனை வருஷமாகப் போனது. பெருங்குடிக் குப்பை மலை எங்கே இருக்கு? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலே. நம்ம தெருவில் வெள்ளம் வந்தால் வடிய வேண்டிய இடம் அது. நம்ம வாசலில் உதிர்ந்த வேப்பிலை அங்கே போய் நம்ம மழைத்தண்ணிக்கே அணை கட்டுது.

இன்னொரு பக்கம் பாருங்க. அதே தெருவில் நான் என்ன செய்றேன்? நர்சரிக்கு ஆட்டோ பிடிச்சுப் போய் மூட்டை மூட்டையாக உரம் வாங்கிட்டு வர்றேன். கீழே இலவசமாக விழுகிற உரத்தை எரிச்சிட்டு, மேலே காசு கொடுத்த உரம். மூணு வருஷம் இதைச் செய்தேன், எனக்கு உறைக்கவே இல்லை.

சருகை உரமாக்குவது பெரிய வித்தை இல்லீங்க. மூணடி அகலம், மூணடி உயரத்தில் ஒரு கம்பி வலையை வட்டமாக வளைத்துக் கட்டணும். ஒரு சாண் உயரத்துக்குச் சருகு, அதுமேல் ஒரு கை சாணிக் கரைசலோ பழைய உரமோ புளிச்ச மோரோ, மறுபடியும் சருகு. காய்கறித் தோலையும் நடுநடுவில் சேர்க்கலாம், ஆனால் ஒரு பங்கு தோலுக்கு ரெண்டு பங்கு சருகு இருக்கணும். நாத்தம் வந்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம். ஈரம் எவ்வளவு? பிழிந்து வைத்த துணி அளவு, சொட்டக் கூடாது. பத்துப் பதினைஞ்சு நாளுக்கு ஒருமுறை கிளறிவிடணும். ரெண்டாவது வாரம் உள்ளே கையை விட்டுப் பாருங்க, வெந்நீர்ச் சூடு இருக்கும். நெருப்பே வைக்காமல் வருகிற சூடு. மூணு மாசத்தில் நாலில் ஒரு பங்காக இறங்கி, காட்டு மண் வாசனை வரும். எரிக்கிற நேரம் அஞ்சு நிமிஷம், இதுக்கு மூணு மாசம். உண்மைதான். ஆனா மக்குறதுக்குக் காத்திருக்க வேண்டாத ஒரு வழியும் இருக்கு, மூடாக்கு. சருகை அப்படியே செடியைச் சுற்றி ரெண்டு விரல் கனத்துக்குப் போட்டு வையுங்க. கோடையில் ரெண்டு வேளை ஊற்றுகிற இடத்தில் ஒரு வேளை போதும் என்கிற நிலை வரும். தண்ணி லாரிக்குக் காத்திருக்கிற நம்ம பகுதிக்கு அது சின்ன விஷயமா?

இப்போ உடல்நலம். 'ஆரோக்கியம்' என்று தலைப்பில் போட்டிருக்கோம், அதனால சொல்லாமல் விட்டால் அமைப்பாளர் கோவிச்சுக்குவார். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் சாப்பிடணும் என்று சொல்லுது. நம்ம வீட்டில் சாம்பாரில் மிதக்கிற நாலு துண்டு முருங்கைக்காயைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கிறோம். அதிலும் கடைசியாகச் சாப்பிடுகிற வீட்டம்மாவுக்கு வெறும் குழம்புதான் மிஞ்சும். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவங்க. கீரை பறிச்சால் முதல் கரண்டியை உங்க தட்டில் போட்டுக்குங்கம்மா. எலுமிச்சைச் சாறு ரெண்டு சொட்டு சேருங்க, கீரையில் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் சேர அது உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீங்க, அது தடுக்கும்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்லணும். பாகற்காய்ச் சாறு குடித்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று ஒரு காணொளி சுத்திக்கிட்டு இருக்கு. நம்ம பகுதியில் ஒரு அண்ணன் அதை நம்பி மாத்திரையை விட்டு, கால் புண்ணோடு மருத்துவமனையில் படுத்துட்டு வந்தார். பாகல் வளருங்க, நல்லாச் சாப்பிடுங்க. மாத்திரையை நிறுத்துறதா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும், வாட்ஸ்அப் சொல்ல வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்க எந்தக் கீரை, எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுட்டுச் சாப்பிடுங்க. அப்புறம் சர்க்கரைக்காரங்க மாடியில் வெறுங்காலோடு நடக்காதீங்க. கால் மரத்துப்போயிருந்தால் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். செருப்பு போடுங்க. எட்டு மணிக்குள் வேலையை முடிங்க. முழங்கால் வலிக்காரங்க பையைச் செங்கல் அடுக்கி மேலே ஏற்றி வையுங்க, குனியவே வேண்டாம்.

மனசு பற்றியும் ஒரு வார்த்தை. எங்க அடுக்ககத்தில் ஒரு தாத்தா. பிள்ளைகள் ரெண்டு பேரும் வெளிநாட்டில். போன வருஷம் மாடியில் அவருக்கு ஆறு பை ஒதுக்கினோம். ஒருநாள் அவர் பையில் மண் காய்ஞ்சு கிடந்தது. மறுநாளும் காய்ஞ்சு கிடந்தது. அவர் செடியை வாட விடமாட்டாரே என்று ஒரு பையன் போய்க் கதவைத் தட்டினான். கடும் காய்ச்சலில் எழ முடியாமல் படுத்திருந்தார். இப்போ நல்லா இருக்கார், அதோ மூணாவது வரிசையில் உட்கார்ந்து என்னை முறைச்சுக்கிட்டு இருக்கார், 'என் கதையை ஏம்மா சொல்றே' என்று. அந்த மண் காய்ஞ்சதை ஒருத்தர் கவனிச்சதால்தான் கதவு தட்டப்பட்டது ஐயா, அதுக்காகத்தான் சொன்னேன்.

சரி, இப்போ என் வெட்கக் கதை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் மாடியில் பீர்க்கங்கொடி பந்தல் நிறையப் பூத்தது. மஞ்சள் மஞ்சளாக நூறு பூ. ஒரு காய் கிடையாது. பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் மாதிரி ஒன்று இருக்குமே, அது மூணு நாளில் மஞ்சளாகிக் கொட்டிடும். மகரந்தச் சேர்க்கை நடக்கல என்று எனக்குத் தெரியுது. மாடியில் வண்டு, பூச்சி குறைவு. அதனால தினமும் காலையில் ஏழு மணிக்குப் போய் ஆண் பூவைப் பறிச்சுப் பெண் பூவில் தடவினேன். ஒரு வாரம் செய்தேன். ஒன்றும் நடக்கல. உரம் மாத்தினேன், மருந்து அடிச்சேன், இணையத்தில் தேடினேன்.

எங்க வீட்டில் வேலை செய்ய வருகிறவங்க துணி காயப்போட மாடிக்கு வந்தாங்க. திண்டிவனம் பக்கம் சொந்த ஊர். பதினோரு வருஷமாக எங்க வீட்டுக்கு வர்றாங்க. நான் பூவோடு மல்லுக்கட்டுவதைப் பாத்துட்டுச் சிரிச்சாங்க. 'டீச்சரம்மா, பீர்க்கு சாயங்காலம் பூக்குற பூவாச்சே. காலையில வாடுன பூவை எடுத்துத் தடவுனா எப்படிக் காய்க்கும்? ஆறு மணிக்கு வந்து தடவுங்க' என்றாங்க.

தோழர்களே, மகரந்தச் சேர்க்கையை 28 வருஷம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவள் நான். சூலகம், சூல்முடி, மகரந்தப்பை என்று பாகம் குறித்தால் அரை மார்க், விட்டால் கழித்தல். பூ எத்தனை மணிக்கு விரியும் என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஏன்னா எனக்கே தெரியாது. பூசணியும் பாகலும் வெள்ளரியும் காலையில் விரியும். பீர்க்கும் சுரையும் புடலையும் பொழுது சாயும்போது விரியும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தின அவங்களுக்கு அது தெரிஞ்சிருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே தடவினேன். அந்தக் கொடியில் பதினாலு காய் பறிச்சேன்.

வெட்கம் அது இல்லை. தெரியாததைத் தெரிஞ்சுக்கிட்டதில் என்ன வெட்கம்? அதுக்கு அடுத்த வருஷம் இதே படிப்பகத்தில் நாம தோட்ட வகுப்பு வைச்சோம். நான்தான் ஏற்பாடு. வெளியிலிருந்து ஒரு நிபுணரை அழைச்சு வந்தோம், புரொஜெக்டர் வைச்சோம், சால்வை போட்டோம். அவர் நல்லாப் பேசினார், குறை சொல்லல. அன்றைக்கு அந்த அம்மாவும் இங்கே வந்திருந்தாங்க. எதுக்கு? டீ ஊற்ற. நான்தான் வரச் சொன்னேன். வகுப்பு நடக்கும்போது அவங்க பின்னால் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தர் எழுந்து, 'சுரையில் பூ வருது, காய் வரலையே' என்று கேட்டார். நிபுணர் போரான் சத்துக் குறைபாடு பற்றி விளக்கினார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவங்களும் என்னைப் பார்த்தாங்க. ஒன்றும் சொல்லல. நானும் ஒன்றும் சொல்லல.

அந்தப் பார்வை என்னை விடவே இல்லை. கூப்பிட்டுப் பேச வைக்க ஒரு நொடி ஆகியிருக்கும். ஏன் நான் செய்யல? இன்னொன்றும் சொல்லிடறேன். பதினோரு வருஷமாக நான் அவங்களை 'நீ, வா, போ' என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட ரெண்டு வயசு மூத்தவங்க என்று போன வருஷம்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். சுயமரியாதை பற்றி மேடையில் பேசுகிற கட்சியில் இருக்கேன் நான்.

கற்றல் என்றால் மேலே ஒருத்தர் பேசுவார், கீழே நாம குறிப்பெடுப்போம் என்றே பழகிட்டோம். வேறு மாதிரியும் நம்ம மண்ணில் நடந்திருக்கு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போ ஆட்சியர். சம்பளம் வாங்காத தொண்டர்கள் ஊர் ஊராகப் போய் எழுத்து சொல்லிக்கொடுத்தாங்க. எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தாங்க. கல்குவாரித் தொழிலாளிகள், வயல் வேலை செய்கிற பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. ஓட்டத் தெரிஞ்சவங்க பக்கத்து வீட்டுப் பெண்ணின் சீட்டைப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே ஓடினாங்க. நேற்றுக் கத்துக்கிட்டவங்க இன்றைக்கு வாத்தியார்.

இங்கே பின்வரிசையில் நிக்கறீங்களே, உள்ளே வந்து உட்காராமல், அக்காக்கள், காவலாளி அண்ணன்கள். உங்களில் எத்தனை பேர் விவசாயத்தை விட்டுட்டு இந்த ஊருக்கு வந்தவங்க? கையைத் தூக்குங்க. பாத்தீங்களா? முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற நாங்க யூடியூபில் தேடுவதை நீங்க பத்து வயசில் செய்திருக்கீங்க. முதலில் உள்ளே வாங்க. நாற்காலி இருக்கு. இல்லைன்னா நாங்க எழுந்துக்கறோம்.

அதனால இந்த வருஷப் பயிற்சியை மாத்தியிருக்கோம். நாலு வகுப்பு. முதல் வகுப்பு, கொடியும் மகரந்தமும். நடத்தப்போவது அந்த அம்மா. ஒத்துக்கவே மாட்டேன்னாங்க. 'நான் என்னத்தைம்மா பேசுறது' என்றாங்க. 'பேச வேண்டாம், கொடிகிட்ட நின்று செய்து காட்டுங்க' என்றேன். சரி என்றவங்க, ரெண்டு நிபந்தனை போட்டாங்க. ஞாயிறு காலை பத்து மணிக்கு வைச்சால் அவங்களால் வர முடியாது, அப்போ நாலு வீட்டில் பாத்திரம் கிடக்கும். அதனால சனிக்கிழமை மாலை அஞ்சரை மணி. பீர்க்கு விரிகிற நேரமும் அதுதான், நான் பத்து மணிக்கு வைச்சிருந்தால் வாடின பூவைத்தான் காட்டியிருப்பேன்! ரெண்டாவது நிபந்தனை, டீயை வேறு யாராவது ஊற்றணும். நான் ஊற்றுகிறேன். வெளியிலிருந்து வந்த நிபுணருக்கு என்ன மதிப்பூதியம் கொடுத்தோமோ அதே தொகை அவங்களுக்கும். இதைக் கூட்டத்தில் அறிவிக்க வேண்டாம் என்று சிலர் சொன்னாங்க. ஏன் வேண்டாம்?

விதை பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். நெல் ஜெயராமன் ஐயா பாரம்பரிய நெல்லை எப்படிப் பரப்பினார்? ரெண்டு கிலோ விதைநெல்லை விவசாயிக்குக் கொடுப்பார், அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கேட்பார். அதையே இங்கே சின்ன அளவில் செய்யப்போறோம். படிப்பகத்து அலமாரியில் ஒரு தட்டு விதைக்கு. பத்து விதை எடுத்துட்டுப் போங்க, அறுவடைக்குப் பிறகு இருபதாகத் திருப்பிக் கொடுங்க. பேரேட்டில் புத்தகம் எழுதுகிற மாதிரியே எழுதுவோம். வீரிய ஒட்டு விதையைச் சேர்க்காதீங்க, அதிலிருந்து எடுக்கிற விதை தாயைப் போல வராது. நாட்டு ரகம் மட்டும். நல்ல செடியில் ஒரு வெண்டையைப் பறிக்காமல் முத்திக் காய விட்டாலே ஒரு தெருவுக்கு விதை ஆச்சு. பக்கத்திலிருக்கிற அரசுக் கிளை நூலகத்திலும் கேட்கப்போறோம். அங்கே வாசகர் வட்டம் இருக்கு, நம்ம சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், உரிமையோடு கேட்கலாம்.

சருகுக் கூண்டு வைக்க இடம் வேணும். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் சாலை போக 10 விழுக்காடு திறந்தவெளியாக விடணும் என்பது விதி. நம்ம பின்தெருவில் அப்படி விட்ட இடம் ஒன்று இருக்கு. இப்போ அங்கே உடைஞ்ச சோபாவும் கட்டட இடிபாடும் கிடக்கு. இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே கிடந்தால் அது யாருடைய கார் நிறுத்துமிடமாக மாறும் என்று உங்களுக்கே தெரியும். வருகிற பகுதி சபைக் கூட்டத்தில் மூணு கோரிக்கை வைக்கப்போறோம்: அந்த இடத்தைச் சுத்தம் செய்து சருகு உரத்துக்கும் தோட்டத்துக்கும் ஒதுக்கணும். துப்புரவுப் பணியாளர்களுக்குச் சருகு அள்ளத் தள்ளுவண்டி கொடுக்கணும். இந்த ரெண்டு மாசமாவது எட்டு மணிக் கெடுவைத் தளர்த்தணும். நான் மட்டும் எழுந்து பேசினால் குறிப்பில் ஒரு வரி. அம்பது பேர் எழுந்தால் தீர்மானம். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவங்களாக இருந்தாலும் வாங்க, புகை எல்லா வீட்டுக்குள்ளேயும்தான் வருது.

அடுத்த சனிக்கிழமை மாலை அஞ்சரை மணி, இதே வாசல். வரும்போது ஒரு வீட்டுக்கு ஒரு கோணிப்பை சருகு கொண்டுவாங்க. பிளாஸ்டிக் பொறுக்கிட்டுக் கட்டுங்க. கம்பி வலை வந்தாச்சு, முதல் கூண்டை அன்றைக்கே கட்டறோம். இப்போ பிள்ளைகள் எல்லாம் முன்னால் வாங்க, ஆளுக்கு ஒரு பிடி மணலும் கீரை விதையும் தர்றேன். கலந்து தூவணும், ஞாபகம் இருக்கில்ல?



#பின்பனித்தோட்டம் #சருகைஎரிக்காதே #படிப்பகம் #மாடித்தோட்டம்